ஒரே நிறத்தில் இரண்டு தட்டு மண்

வழிகாட்டி ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயர்களும் வந்துவிட்டதாமே! துறையின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அந்தக் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை. நீக்கினால் நேரில் வந்து சண்டை போடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். வாழ்த்துகள். கூடவே கொஞ்சம் அனுதாபத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உங்களிடம் வரும் மாணவர்கள் முதலில் கொண்டுவந்து நீட்டப்போவது ஆய்வு முன்மொழிவு. நம் வாயில் அது எப்போதும் சினாப்சிஸ். எத்தனை பக்கம், எந்த எழுத்துரு, மேற்கோள்களை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக என் கையில் வந்த ஒரு சினாப்சிஸின் கதையைச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சமையலறையில் தனியாக நின்று சிரிக்கிறேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொள்வார்.

கதைக்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வழிகாட்டியாக இருந்தவர், மகா முசுடு. நான் ராப்பகலாக எழுதிக்கொண்டு போன முன்மொழிவை மேஜையில் வைத்தால் தலைப்பை மட்டும் படிப்பார். அப்புறம் கடைசிப் பக்கம். அப்புறம் டீ. டீ முடிந்ததும் ஒரே கேள்விதான். "நீ நினைக்கிறது தப்புன்னா அது உனக்கு எப்படித் தெரிய வரும்?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இவ்வளவு எழுதியிருக்கிறேன், பாராட்ட ஒரு வார்த்தை இல்லை, நான் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறாரே மனுஷர்! அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிந்தது ரொம்ப வருஷம் கழித்து, மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலில், ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்தபோது.

ஜெசிந்தா எங்கள் கோலார் தங்கவயலில் மாரிகுப்பத்துப் பெண். பெங்களூரில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். பிஎச்.டி.க்குப் பதிவு செய்தால்தான் அடுத்த வருஷமும் வேலை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பதிவு ஆக வேண்டுமானால் முன்மொழிவை ஆய்வுக் குழு ஏற்க வேண்டும். இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது தடவையும் திரும்பினால் அவள் பெயரையே நீக்கிவிடுவார்கள். வேலையும் போய்விடும், படிப்பும் போய்விடும். மெய்யாலுமே கத்தி தலைக்கு மேல் தொங்கியது.

முதல் தடவை அவள் கொண்டுபோன தலைப்பு, 'கோலார் தங்கவயலின் உயிர்ச்சூழலில் சுரங்கக் கழிவுகளின் தாக்கம்: ஒரு முழுமையான ஆய்வு'. அப்போது அவளுக்கு வேறொருவர் வழிகாட்டி. இரண்டாம் தடவை 'முழுமையான' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அதையே கொண்டுபோனாள். குழு அதையும் திருப்பியது. அந்த வழிகாட்டி வெளிநாடு போய்விட, பெண் என்னிடம் வந்து சேர்ந்தாள்.

"ஏம்மா, எறும்பிலேர்ந்து எருமை வரைக்கும் நீ ஒருத்தியே பாக்கப்போறியா? இன்னா நாலு ஜென்மம் லீவு போட்டுட்டு வந்திருக்கியா?" என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவள் தேறுவாள் என்று முடிவு செய்தேன். அழுகிற மாணவரைத் தேற்றிவிடலாம், தன் தலைப்பைப் பார்த்துத் தானே சிரிக்கிற மாணவர் கிடைப்பதுதான் அபூர்வம்.

"சரி, உனக்கு நிஜமாவே எதைப் பாத்தா ஆச்சரியமா கீது? குழுவுக்காகச் சொல்லாத, எனக்காகச் சொல்லு."

"சொன்னா திட்டுவீங்க மேடம். சின்ன வயசுல டம்ப் மேல குழியானை புடிச்சு விளையாடுவோம். அவ்ளோ சயனைடுன்னு சொல்றாங்களே, அதுல எப்படி அது ஜாலியா வீடு கட்டிகினு கீதுன்னு இப்பவும் தோணும்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சுரங்கத்திலிருந்து எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை எங்கள் ஊரில் குன்று குன்றாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நாங்கள் டம்ப் என்போம். குழியானை என்பது பொடி மண்ணில் புனல் மாதிரி குழி பறித்து, அடியில் ஒளிந்துகொண்டு, சறுக்கி விழும் எறும்பைப் பிடித்துத் தின்னும் பூச்சி. பின்பக்கமாகவே நடக்கும். எங்கள் நிர்வாகக் கட்டடத்தில் சிலரைப் பார்த்தால் எனக்கு அதன் ஞாபகம்தான் வரும்.

ஆக, ஒரு பூச்சி, ஒரு குழி, ஒரு கேள்வி. டம்ப் மண்ணில் அது பறிக்கும் குழிக்கும் நல்ல மண்ணில் பறிக்கும் குழிக்கும் வித்தியாசம் உண்டா? ஜெசிந்தா ஒரு தட்டில் டம்ப் மண்ணும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டில் அவர்கள் மாதா கோயிலின் பின்பக்கத்து மண்ணும் போட்டு, குழியானைகளை விட்டுப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே அளவுக் குழி! சந்தோஷத்தில் குதித்தாள். 'இந்தப் பூச்சியைச் சுரங்கக் கழிவு ஒன்றும் செய்வதில்லை' என்ற முதற்கட்ட முடிவோடு முன்மொழிவை எழுதி அனுப்பியும் விட்டோம். நானும் படித்தேன். கையெழுத்தும் போட்டேன். குழுவின் முன் நேரில் விளக்க வேண்டிய நாள் அடுத்த வாரம்.

இப்போது அந்த ரயில் பெட்டிக்கு வருகிறேன்.

காலை ரயில் மாரிகுப்பத்தில் கிளம்பும்போதே ஜெசிந்தா துப்பட்டாவை வீசி எங்கள் எல்லோருக்கும் இடம் பிடித்துவிடுவாள். நான் சாம்பியன் ரீப்ஸில் ஏறுவேன். வங்கியில் வேலை பார்க்கும் பிரேமாவதி ஊர்காமில் ஏறுவாள். இன்ஷூரன்ஸ் அலுவலகத்து ரோஸி கோரமண்டலில். பங்காருபேட்டையில் பூதிகோட்டைப் பெண் மஞ்சுளா வந்து சேர்ந்துகொள்வாள். கால் சென்டரில் வேலை, தெலுங்கில் யோசித்துத் தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் கன்னடம். இவர்களைத் தவிர ஒரு இருபது பேர். ஜெபமாலை சொல்கிறவர்கள் ஒரு பக்கம், கொத்தவரங்காய் நறுக்குகிறவர்கள் ஒரு பக்கம்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, இருக்கையில் வைத்த டிபன் டப்பா பொதுச் சொத்து. யாருடையது என்று கேட்பது மரியாதைக் குறைவு, திறந்து சாப்பிட வேண்டியதுதான். இரண்டு, யாருக்காவது நேர்முகத் தேர்வு என்றால் அவரை நடுவில் நிற்க வைத்துப் பெட்டி முழுக்கக் கேள்வி கேட்கும். தலைமை பிரேமாவதி. வங்கித் தேர்வு, செவிலியர் தேர்வு, ஒரு தடவை ஒரு பெண் பார்க்கும் படலத்துக்குக்கூட ஒத்திகை நடந்தது. மாப்பிள்ளையாக நடித்தது ரோஸிதான். அந்தச் சம்பந்தம் முடியவில்லை, ஆனால் ரோஸியை அந்தப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அன்று ஜெசிந்தா இரண்டு டப்பாக்களை இருக்கையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தாள். ரோஸி ஏறினாள், உட்கார்ந்தாள், இரண்டையும் திறந்தாள்.

"இன்னாடி இது! ஒன்னுல சாதம், ஒன்னுல தொட்டுக்கன்னு நெனச்சேன். ரெண்டுலயும் மண்ணு கீது! யம்மாடி, நகருது, நகருது!"

டப்பா ரோஸியின் கையில் ஆடியது. கொத்தவரங்காய் ஒரு பக்கம் தெறித்தது. யாரோ காலைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டார்கள். "கர்த்தரே" என்று ஜெபமாலைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஓடி வந்த ஜெசிந்தா டப்பாவைப் பிடுங்கி, "அக்கா, ஆட்டாதீங்க, அது பயந்துக்கும்!" என்றாள்.

"அது பயந்துக்குமா? நான் இன்னா சிரிச்சிகினா கீறேன்?"

அவ்வளவுதான். அந்த இரண்டு தட்டு மண்ணையும் பூச்சியோடு கல்லூரியில் படம் எடுக்கக் கொண்டுபோகிறாள் என்ற விஷயம் வெளியே வந்தது. அடுத்த வாரம் குழுவின் முன் நிற்க வேண்டும் என்றதும் பிரேமாவதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "நில்லு நடுவுல. சொல்லு, இன்னா ஆராய்ச்சி?"

ஜெசிந்தா நின்றாள், சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். நான் ஜன்னலோரம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். ரயில் அதற்குள் பங்காருபேட்டைக்கு வந்து, மஞ்சுளா ஏறி, இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, ரெண்டுலயும் ஒரே மண்ணு போட்டுவெச்சி இன்னா பாக்குறீங்க?"

"ஒரே மண்ணு இல்ல மஞ்சு. இது டம்ப் மண்ணு. அது சாதா மண்ணு."

"சாதா மண்ணு செகப்பா இல்ல இருக்கும்?"

நண்பர்களே, என் வாழ்நாளில் எத்தனையோ கருத்தரங்குகளில் கேள்விகள் கேட்டிருக்கிறேன், வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்விபோல ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது கிடையாது. ஏனென்றால் அவள் சொன்னது அத்தனை நிஜம். ஊரைத் தாண்டினால் எல்லாப் பக்கமும் செம்மண். எங்களுக்கோ மண் என்றாலே வெளிறிய சாம்பல் நிறம்தான். பிறந்ததிலிருந்து அதில்தான் விழுந்தோம், அதில்தான் முட்டி தேய்ந்தது. இரண்டு தட்டும் ஒரே நிறத்தில் இருப்பதைப் பல நாள் பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு உயிரியல்காரிகளுக்கு, ஒருத்தி பேராசிரியை வேறு, ஒன்றும் உறைக்கவில்லை. இந்தத் தப்பைச் செய்ய வேண்டுமானால் தங்கவயலில் பிறந்திருக்க வேண்டும்.

"அந்த மண்ணு எங்கேந்து எடுத்த?" என்றாள் ரோஸி.

"நம்ம கோயிலு பின்னாடி."

"அடிப்பாவி! அது டம்ப்பு மண்ணுடி! திருவிழாக்குப் பள்ளத்த மூட எங்கப்பா காலத்துல டிராக்டர் வெச்சுக் கொட்டினாங்க!"

பெட்டி வெடித்தது. எங்கள் புத்த விகாரை வாசலையும் அப்படித்தான் மேடாக்கினார்கள் என்றாள் பிரேமாவதி. எங்கள் வீடே அதன்மேல்தான் நிற்கிறது என்றாள் ஒருத்தி. "உங்க வீடு இன்னா பெரிய வீடு, எங்க வாசலுக்குக் கொட்டினதுல ஒரு வாலிபால் கிரவுண்டே வந்துச்சு!" என்று இன்னொருத்தி கையை விரித்தாள். பாத்திரம் தேய்க்க அதைத்தான் வைத்திருந்தோம், பளபள என்று இருக்கும் என்றார் ஜெபமாலை அம்மாள். ஐந்து நிமிஷத்தில் அது போட்டியாகிவிட்டது. யார் வீட்டில் டம்ப் மண் அதிகம் என்று பெருமை பேசிக்கொண்டு வருகிறார்கள்! கல்யாணச் சீர் வரிசையை அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன், கழிவு மண்ணைப் பற்றி அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் நடுவில் நின்ற ஜெசிந்தாவின் முகம் சுண்டிப் போயிருக்கிறது.

அவள் டம்ப் மண்ணை டம்ப் மண்ணோடு ஒப்பிட்டிருக்கிறாள். இரண்டு குழியும் ஒரே அளவில் வராமல் பின்னே எப்படி வரும்?

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போது என் காதருகே வந்தாள். "மேடம், குழுவுல எல்லாரும் வெளியூருதான். சொல்லலன்னா அவங்களுக்குத் தெரியாது. இதுதான் கடைசி சான்ஸு. விட்டுடலாமா?"

இந்த இடத்தில்தான் உங்களையும் ஒருநாள் நிறுத்துவார்கள். அதனால் என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பதிவு மட்டும் ஆகட்டும், அப்புறம் மூன்று வருஷத்தில் மெல்லத் திருத்திக்கொள்ளலாம். பாவம், அவள் பிழைப்பு. எனக்கும் வாய்வரை வந்தது, சரி விடு என்று. அப்போது அந்த முசுடு மனுஷர் டீ கிளாஸோடு கண் முன்னால் வந்து நின்றார். நீ நினைப்பது தப்பு என்றால் உனக்கு எப்படித் தெரிய வரும்? தெரிய வந்துவிட்டது, சார்! அதுவும் குழுவின் முன் போய் நிற்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது! இதைவிட அதிர்ஷ்டம் ஒரு முன்மொழிவுக்கு உண்டா? மூன்று வருஷம் கழித்துத் தெரிந்திருந்தால் இவள் கதி என்ன?

"ஏம்மா, யாருக்கும் தெரியாதா? ஒரு ரயில் பெட்டிக்கே தெரிஞ்சுபோச்சு. ரோஸிக்குத் தெரிஞ்ச விஷயம் இந்நேரம் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும்" என்றேன். "நாம தப்பைத்தான் முதல்ல காட்டப்போறோம். மத்ததெல்லாம் அப்புறம்."

"ஐயோ மேடம்!"

"ஐயோவும் இல்ல, அப்பாவும் இல்ல. சனிக்கிழமை பூதிகோட்டைக்குக் கெளம்பு."

பூதிகோட்டையில் மஞ்சுளாவின் அப்பா தக்காளித் தோட்டத்து ஓரத்தில் செம்மண்ணைத் தோண்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். பூச்சிக்கு வீடு கட்ட என்றேன். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் இலவசமாக மண் கேட்கிறார்கள் என்று முனகியபடியே கூடவே ஒரு பை தக்காளியும் கொடுத்தார்.

செம்மண் தட்டில் குழியானைகளை விட்டோம். மறுநாள் ஜெசிந்தாவிடமிருந்து போன், ஒரே கூச்சல். "மேடம், இதுல குழியே சரியா வரல! அரைகுறையா நோண்டிட்டு உக்காந்துகினு கீது! டம்ப்பு மண்ணுதான் அதுக்குப் புடிச்சிருக்கு!"

"குதிக்காத. செம்மண்ணு கரகரன்னு கீது. டம்ப்பு மண்ணு மாவு மாதிரி. அது கெமிக்கலைப் பாக்குதா, பொடியைப் பாக்குதா? உனக்கு எப்படித் தெரியும்?"

கூச்சல் இறங்கி, மெதுவாக, "சலிச்சுப் பாக்கட்டா மேடம்?"

அவள் அம்மாவின் மாவுச் சல்லடை அன்றோடு சமையலறைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றது. சலித்த செம்மண்ணில் குழி வந்தது, அழகாக வந்தது. ஆனால் டம்ப் மண் குழி அளவுக்கு ஆழமா, ஒரு நூல் குறைவா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. அவள் குறைவு என்கிறாள், நான் இல்லை என்கிறேன். சண்டையின் நடுவில் இரண்டு பேரும் சட்டென்று நிறுத்தி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாடா, கேள்வி பிறந்துவிட்டது! விடை எங்கள் இருவருக்குமே தெரியாது. அளந்து பார்த்தால் மட்டும்தான் தெரியும். முன்மொழிவு என்றால் இதுதான், நண்பர்களே. வழிகாட்டியும் மாணவியும் உண்மையாகவே சண்டை போட ஒரு விஷயம் வேண்டும்.

குழுவின் நாள் வந்தது. தலைவர் வெளியூர்ப் பேராசிரியர், பெரிய நிபுணர், சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. பேச்சு ஆங்கிலத்திலும் கன்னடத்திலுமாக நடந்தது. நான் நம் தமிழில் சொல்கிறேன்.

ஜெசிந்தா முதல் படமாக அந்த இரண்டு தட்டுகளையும் திரையில் போட்டாள். "ஐயா, இதுல இருக்கிற தப்பை நானும் என் வழிகாட்டியும் கண்டுபிடிக்கல. ரயில்ல கண்டுபிடிச்சாங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது. என்னையும் சேர்த்து இழுக்கச் சொல்லி யார் கேட்டார்கள்! ஆனால் அவள் நிறுத்தவில்லை. கோயில் மண், டிராக்டர், வாலிபால் மைதானம், சல்லடை என்று வரிசையாகச் சொன்னாள். தலைவரின் மீசை ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"என்ன முடிவு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்றார்.

"தெரியாது ஐயா. பொடிதான் காரணம்னா ரெண்டு குழியும் ஒன்னா இருக்கும். கெமிக்கல் காரணம்னா வித்தியாசம் வரும். எது வந்தாலும் எழுதுவேன்."

நல்லது என்றார். எனக்கு அங்கேயே எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "ஒரு கோயில் பின்பக்கம் போதாது. ஊரில் பல வீடுகளின் வாசல் மண் வேண்டும். அந்த வீட்டுக்காரர்களின் சம்மதக் கையெழுத்தோடு. அடுத்த வாரத்துக்குள் கொண்டுவந்தால் பதிவு. இல்லையென்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது." பிறகு அவரே கேட்டார். "கொடுப்பார்களா? உன் வாசலில் இருப்பது சுரங்கக் கழிவு என்று ஒருத்தர் எழுதி வைப்பதை யார் விரும்புவார்கள்? வீட்டை விற்கப் போனால் என்ன ஆகும்?"

ஜெசிந்தா நிபந்தனையை அப்படியே குறித்துக்கொண்டாள்.

மாலை ரயிலில் ரோஸி கேக்கோடு காத்திருந்தாள். கேக்கின் மேல் க்ரீமில் ஒரு குழியானை. பேன் மாதிரி இருந்தது, ஆனால் அன்பு தெரிந்தது. ஜெசிந்தா வெட்டவில்லை. நிபந்தனையைச் சொன்னாள். அன்றைக்குப் பெருமையடித்த அதே பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ரயிலில் பேசுவது வேறு, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு.

பிரேமாவதிதான் கேட்டாள். "அதுல ஏதாச்சும் கெட்டது கீதுன்னு வந்தா?"

நான் ஜெசிந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வராது அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அங்கேயே கையெழுத்துக் கிடைத்துவிடும்.

"இன்னா வரும்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் அவள். "வந்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன். எங்க வீட்டு மண்ணும் அதுல இருக்கும்."

கேக் டப்பாவுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொருத்தியாக, நாளைக்குப் பாக்கலாம் என்று இறங்கிப் போனார்கள். சாம்பியன் ரீப்ஸில் நானும் இறங்கினேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், காபி வேண்டுமா என்றுதான் கேட்டார்.

மறுநாள் காலை நான் ரயிலில் ஏறியபோது என் கையில் ஒரு பை இருந்தது. என் வாசல் மண். நானாவது முதலில் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஜெசிந்தாவின் பக்கத்தில் ஏற்கெனவே மாரிகுப்பத்துப் பைகள் உட்கார்ந்திருந்தன. ஜவுளிக்கடைப் பை, மளிகைக்கடைப் பை, பிரியாணிக்கடைப் பை. ஒவ்வொன்றிலும் பெயரும் கையெழுத்துமாக ஒரு சீட்டுச் செருகியிருந்தது. ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

ஊர்காமில் பிரேமாவதி ஏறினாள். விகாரை வாசல் மண், கமிட்டியின் முத்திரையோடு. "தெரிஞ்சிக்கினுதான் பாக்கலாம். தெரியாம உக்காந்திருந்தா மட்டும் மண்ணு மாறிடுமா?" என்று பையை ஜெசிந்தாவின் மடியில் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். கோரமண்டலில் ரோஸி இரண்டு கையிலும் பையோடு மூச்சு வாங்க ஏறினாள். ஒன்று வீட்டு மண், இன்னொன்று அக்கா வீட்டு மண். நேற்றைய கேக்கையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். வாலிபால் மைதானத்துக்காரி கொண்டுவந்ததைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெருமை விடவில்லை அவளை.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். பைகளைப் பார்த்தார். "இன்னாம்மா இது, மூட்டை மூட்டையா? லக்கேஜ் கட்டணம் போடவா?"

"மண்ணு சார். ஆராய்ச்சிக்கு" என்றாள் ஜெசிந்தா.

விஷயத்தைப் பெட்டி முழுக்க ஒரே குரலில் விளக்கியது. அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எங்க வீடு ஆண்டர்சன்பேட்டைல கீது. நாளைக்குக் கொண்டாந்தா எடுத்துக்குவீங்களா?" என்றார்.

பங்காருபேட்டையில் மஞ்சுளா செம்மண் பையோடு ஏறினாள். "ஒப்பிட்டுப் பாக்க இது வேணாமா?" என்று கேட்டு வைக்க இடம் தேடினாள். எங்கும் இடம் இல்லை. ஜெசிந்தா எழுந்து தன் இடத்தில் அதை வைத்தாள்.

தினமும் துப்பட்டாவை வீசி ஊருக்கே இடம் பிடித்த பெண், அன்றைக்குப் பெங்களூர் வரைக்கும் கேக் தின்றபடி நின்றுகொண்டே வந்தாள். அவள் இருக்கையில் மண் உட்கார்ந்து வந்தது.